தேனீயின் பதில்

"டேய், நீ அனுப்பின புரோகிராமை, நம்ம குழுவுல சரிபார்க்கற அந்த 'தேனீ'ங்கற ஆளு மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாங்க. நேத்து கத்துக்கிட்டவன்கூட இந்தத் தப்பைப் பண்ண மாட்டான்!" போனில் பொரிந்து தள்ளினான் நண்பன்.

புரோகிராமருக்குச் சிரிப்புதான் வந்தது. "வேணும்னுதான் விட்டேன். எவ்வளவு கோபமிருந்தாலும் மரியாதையாப் பதில் எழுதணும்கறது நம்ம ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் குழுவோட விதியாச்சே! 'உங்கள் உழைப்புக்கு நன்றி'ன்னு ஆரம்பிச்சிருக்காங்க, பார்த்தியா?"

"அந்த ஒரு நன்றிக்காகவா? குழு முழுக்க உன் மானம் கப்பலேறுதேடா!"

அதற்குள் இருவர் திரையிலும் தேனீயின் அடுத்த பதில் வந்து விழுந்தது.

"உங்கள் உழைப்புக்கு நன்றி. தப்பை வேண்டுமென்றே விட்டது தெரிகிறது. போதும், எழுந்து சாப்பிட வாங்க. ஆறுது."

நண்பன் திகைத்தான். "சாப்பிடவா? யாருடா இந்தத் தேனீ?"

"என் பொண்டாட்டி. சண்டை போட்டதுலேருந்து வீட்டுல வாயே திறக்கலை. அங்கேன்னா பதில் சொல்லித்தானே ஆகணும்!"