கிரைப் வாட்டர்

ஈரத் துண்டைக் கட்டிலின் கால்மாட்டில் வேண்டுமென்றேதான் போட்டார். வீட்டோடு தங்கியிருக்கும் நர்ஸ் கண்ணால் பார்த்தாள்.

கட்டிலில் சாய்ந்திருந்த அவர் மனைவியும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு முந்தின நாள், அவள் இன்னும் படிக்காத பேப்பரைத் தரையில் விரித்து, அதன் மேல் சைக்கிள் செயினைப் போட்டு எண்ணெய் விட்டார். அதற்கு முன் செருப்புக் காலோடு படுக்கையறைக்குள் வந்தார். காபி டம்ளரை அவள் புத்தகத்தின் மேல் வைத்தார். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

பக்கவாதம் வந்து, பிழைத்து, இப்போதுதான் பேச்சு திரும்பியிருக்கிறவள். அவளுக்கு இந்தப் பாடா?

நர்ஸ் கேட்டே விட்டாள்.

"உன் வேலையைப் பாரும்மா" என்றார்.

அவள் தன் வேலையைப் பார்த்தாள். அவர் மகளுக்குப் போன் போட்டாள்.

மகள் மறுநாளே வந்து இறங்கினாள். துண்டு கால்மாட்டிலேயே கிடந்தது. தொட்டுப் பார்த்தாள். ஈரம். காலமெல்லாம் அம்மா தொண்டைத் தண்ணி வற்றச் சொல்லியும் திருந்தவில்லை, படுத்த பிறகும் என்ன வீம்பு என்று அப்பாவைப் பொரிந்து தள்ளினாள்.

"அம்மா, என்கூட வந்துடறியா? நான் பாத்துக்கறேன்."

"சரி" என்றாள் அம்மா.

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டியா? படுத்ததுலேருந்து இது ஒண்ணுதான் பேச்சு. கஞ்சியில உப்பில்லையா, சரி. ஊசி போடணுமா, சரி."

"பொறுமையா இருக்காங்க. அது தப்பாப்பா?"

"யாரு, உங்கம்மாவா? பொறுமையா?"

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

பிறகுதான் சொன்னார். பஸ் டிப்போ மெக்கானிக்குக்கு வாய்த்தது இங்கிலீஷ் டீச்சர். கல்யாணமான நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் குறை. இங்கிலீஷில் கிரைப் என்றால் புலம்பல் என்று அவளிடமே கற்றுக்கொண்டு, அவளுக்கே கிரைப் வாட்டர் என்று பட்டப்பெயர் வைத்தார். அவள் கோபப்படவில்லை. பாடம் எடுத்தாள். அந்த வார்த்தைக்கு முதலில் இருந்த அர்த்தம் இறுக்கிப் பிடிப்பது. அப்புறம் வயிற்றைப் பிடிக்கிற வலி. குழந்தை மருந்துக்குப் பேர் வந்தது அதிலிருந்துதான். குறை சொல்வது ரொம்பப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

"பிடிச்சிக்கிட்டு இருக்கறவதான் குறை சொல்லுவா, விட்டுட்டவ எதுக்குச் சொல்லப்போறா, அப்படின்னா அன்னிக்கு." துண்டைப் பார்த்தார். "விட்டுட்டாளோன்னு பயமா இருக்கு."

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரின்னுட்டாளே" என்றார் அவரே. "கூட்டிட்டுப் போ. பையை நான் அடுக்கறேன்."

இந்தத் தடவை வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. துணிகளைத் தடவித் தடவி மடித்து வைத்தார். மாத்திரை, சீப்பு, மூக்குக் கண்ணாடிக் கூடு. கடைசியில் அவள் செருப்பைத் துடைத்து, துணிக்கு மேலேயே வைத்து, ஜிப்பை இழுத்தார். ஜிப் நகரவில்லை. எங்கே சிக்கியிருக்கிறது என்று அவருக்குக் கண் தெரியவில்லை.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. குழறல்தான். ஆனாலும் புரிந்தது.

"செருப்பையா... துணி மேல வைப்பாங்க?"

அவர் ஜிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தத் துண்டு... நேத்துலேருந்து நாறுது." மூச்சு வாங்கினாள். மகள் பக்கம் திரும்பினாள். "இந்த ஆளை விட்டுட்டு நான் எங்கடி வர்றது?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஒரு துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வர அவ்வளவு நேரம் ஆகாது. அவருக்கு ஆயிற்று.

மறுநாள் காலை அவர் கண் விழித்தபோது, மனைவியின் கால்மாட்டில் ஒரு துண்டு கிடந்தது. நல்ல ஈரம். நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, ஒன்றுமே தெரியாதவள் போல மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் இன்னும் குளிக்கவே இல்லை.