ஆறாம் படுக்கை

தீயணைப்புச் சிலிண்டரின் அடிப்பாகம் மறுபடியும் வந்து மோதியதும், ஆஸ்பத்திரி சர்வர் அறையின் கண்ணாடிக் கதவு பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்ததை, சிலிண்டரை ஓங்கிய வெல்டர் கவனிக்கவே இல்லை.

"எவன்டா கம்ப்யூட்டரை நிறுத்தினது?"

உள்ளே ஒரே ஒருவர்தான் இருந்தார். கீபோர்டின் முன்னால் குனிந்திருந்த ஒல்லியான இன்ஜினியர் பதறி எழுந்தார். "நான் எழுதின புரோகிராம்தான் நிறுத்துச்சு. ஏன் சார், என்னாச்சு?"

பதிலாகச் சிலிண்டர் வந்தது. தோளில் விழுந்த அடியில் இன்ஜினியர் நாற்காலியோடு சரிந்தார்.

சற்று முன்புவரை வெல்டர் மேல்மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தங்கச்சியோடு உட்கார்ந்திருந்தான். காலையில்தான் அப்பாவை உள்ளே ஆறாம் படுக்கையில் சேர்த்திருந்தார்கள். திடீரென்று மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கிப்போனது. "சர்வர் எல்லாம் நின்னுடுச்சு!" என்று கத்திக்கொண்டே ஓர் ஊழியர் ஓடினார்.

மின்சாரம் திரும்பியது. சுவரில் இருந்த பெரிய போர்டு மினுங்கி மினுங்கி எரிந்தது. அதில் பெயர் எதுவும் போடுவதில்லை, படுக்கை எண்ணும் நிலவரமும் மட்டும்தான். ஆறாம் எண்ணுக்கு நேரே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: 'உடலைப் பெற்றுக்கொள்ள அலுவலகத்தை அணுகவும்.'

தங்கச்சி அலறிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெல்டர் அழவில்லை. சுவரில் மாட்டியிருந்த சிலிண்டரைப் பிடுங்கிக்கொண்டு, "கம்ப்யூட்டர் ரூம் எங்கே இருக்கு?" என்று மட்டும் கேட்டான். மாடிப்படியில் மறித்த காவலாளிக்குத் தாடை பெயர்ந்தது.

இப்போது, கீழே கிடந்த இன்ஜினியரிடம் கத்தினான்: "எங்கப்பா மூச்சு அந்த மிஷின்லதான்டா ஓடிக்கிட்டிருந்துச்சு! நீ பாட்டுக்கு ஆஃப் பண்ணிட்டு இங்க ஏசியில உக்காந்திருக்கியா?"

"சார், மூச்சு மிஷினுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அதுக்குத் தனியா பேட்டரி இருக்கு. இங்க ஓடுறது ரெக்கார்டு, பில்லு, போர்டு... அவ்வளவுதான் சார்!"

"யாருகிட்ட காது குத்துற?" வெல்டர் அவரைச் சட்டையோடு கொத்தாகத் தூக்கி, பின்னாலிருந்த இரும்பு ரேக்கில் மோதினான். பின்மண்டை பிளந்து, வெள்ளைச் சுவரில் சிவப்பாகத் தெறித்தது.

அந்த ரேக்கில் இருந்த இரண்டு பெட்டிகளுக்குள்தான் ஆஸ்பத்திரியின் அத்தனை சர்வர்களும் ஒண்டுக் குடித்தனம் நடத்தின. மின்சாரம் போனால் அவற்றை ஒவ்வொன்றாகப் படுக்கவைத்து, வந்ததும் வரிசை தப்பாமல் எழுப்புவதுதான் இன்ஜினியரின் புரோகிராம். திரையில் அந்த வரிசை பாதிதான் பச்சையாகியிருந்தது.

"இன்னும் பாதி எழும்பல சார். கொஞ்சம் பொறுங்க. அப்புறம் என்னை என்ன வேணா பண்ணுங்க." இன்ஜினியர் மேசையை நோக்கித் தவழ்ந்தார்.

"எங்க வீட்டுல பொணம் விழுந்திருக்கு, உனக்கு இந்தப் பொட்டிதான் பெருசா?"

தரையில் ஊன்றிய கையின்மேல் சிலிண்டர் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம், விசிறிகளின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

"இறந்துட்டார்னு... யார் சார் சொன்னாங்க?" இன்ஜினியர் முனகினார்.

"அதான் போர்டுல கொட்டை எழுத்துல போட்டிருக்கே!"

வலியில் செருகியிருந்த கண்கள் சட்டென்று திறந்தன. "போர்டா? போர்டு அதுக்குள்ள எரியுதா? அது கடைசியிலல்ல வரணும்! அதை மட்டும் யாரு கையால தட்டி எழுப்பினது? சார், உங்கப்பா எந்தப் படுக்..."

"எங்கப்பா பேச்சை எடுக்காதே!"

வெல்டரின் பூட்ஸ் அவர் வாயில் விழுந்தது. பல் ஒன்று தரையில் உருண்டு ஓடியது. அதற்குப் பிறகும் அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. எதையோ சொல்லிவிடத் துடித்தார். வார்த்தைக்குப் பதில் ரத்தம்தான் கொப்பளித்தது. மேசையைப் பற்றிக்கொண்டு எப்படியோ எழுந்து, உடையாத கையின் ஒற்றை விரலால் கீபோர்டைத் தடவினார்.

வெல்டர் அந்த முதுகைப் பார்த்தபடி நின்றான். அப்பா என்று கூப்பிட இனி ஆளே இல்லை. நினைப்பு நெஞ்சில் தைத்த அந்த நொடியில் அவனுக்குக் கண் இருட்டியது. சிலிண்டரை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி, தன் பலத்தையெல்லாம் சேர்த்து இறக்கினான்.

இன்ஜினியர் மேசையிலிருந்து வழுக்கி, ரேக்கின் காலடியில் மடங்கி விழுந்தார். அப்புறம் அசையவில்லை. திரையில் மட்டும் மிச்சமிருந்த வரிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டே வந்தன. கடைசி வரியும் மாறியது.

வெல்டர் சிலிண்டரைக் கீழே போட்டான். நியாயம் கிடைத்துவிட்டது என்று நெஞ்சு சொன்னது.

படிக்கட்டில் திடுதிடுவென்று ஓடிவரும் சத்தம் கேட்டது. போலீஸ் என்று நினைத்துத் திரும்பினான். உடைந்த கதவுக்கு வெளியே தங்கச்சி நின்றாள். அழுகையும் சிரிப்புமாக அவளுக்கு மூச்சு வாங்கியது. ரேக்கின் காலடியில் கிடந்தவர் இன்னும் அவள் கண்ணில் படவில்லை.

"அண்ணா, அது நேத்து அந்தப் படுக்கையில இறந்தவராம்! போர்டு பழசைக் காட்டிடுச்சாம், இப்ப சரியாயிடுச்சு!"

அவள் உள்ளே கை நீட்டிக் கூப்பிட்டாள்.

"வாண்ணா, அப்பா கண்ணு முழிச்சு உன்னைத்தான் தேடுறாரு!"