திறந்திருந்த கம்பிவீடு

ஒரு நூலகத்தில் இரண்டு எலிகள் இருந்தன. அண்ணன் புத்தகங்களைத் தின்னும். தம்பி அவற்றைப் படிக்கும். பேய் பங்களாக் கதைகள் என்றால் அதற்கு உயிர்.

ஒரு மத்தியானம் அலமாரிக்கடியில் புதிதாக ஒரு கம்பிவீடு இருந்தது. உள்ளே மசால்வடை தொங்கியது.

"போகாதே அண்ணே. கதவு திறந்திருக்கு, சாப்பாடு தயாரா இருக்கு, வீட்டுல ஆளே இல்லை. நான் படிச்ச கதையெல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும்," என்று தம்பி நடுங்கியது.

"அதெல்லாம் யாரோ உட்கார்ந்து கட்டிவிட்டதுடா," என்றபடி அண்ணன் உள்ளே போய் வடையை இழுத்தது. கதவு படீரென்று மூடிக்கொண்டது.

அண்ணன் கம்பிகளைக் கடித்துப் பார்த்து ஓய்ந்தது. பிறகு மெல்லக் கேட்டது: "தம்பி, உன் கதையில இதுக்கப்புறம் எப்படிடா வெளியே வருவாங்க?"

"தெரியலையே அண்ணே. இந்த இடம் வந்ததும் பயந்துபோய்ப் புத்தகத்தை மூடிடுவேன்."

"அப்போ ஓடிப்போய்ப் படிச்சிட்டு வாடா."

வாசலில் நூலகர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.