மற்றக் கண்

முகத்துவாரத்தில் எங்கள் தெருத் திருவிழா ஊர்வலம் கடற்கரையில்தான் முடியும். அங்கே கடதாசிக் குதிரையை இறக்கி, வழி தெரிவதற்காகக் கண் வரைந்து கடலில் விடுவோம். போன வருடம் மழை கொட்டியதால் ஒரு கண்ணோடு அனுப்பிவிட்டோம்.

இந்த வருடம் புதுக் குதிரையைச் சுமந்து கரைக்கு வந்தபோது, அலைக்குள் பழைய குதிரை நின்றது. கடதாசி நனையவில்லை. கண்ணில்லாத பக்கத்தை எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. மேளம் அடங்கிப்போனது.

"கிட்டப் போகாதீங்க அண்ணே," என்றாள் எங்களோடு குதிரையைச் சுமந்து வந்த நிஷாந்தி.

"பாவம் தங்கச்சி, ஒரு வருஷமா வழி தெரியாம நிக்குது," என்றார் கண் வரையும் கிருபாகரன். தூரிகையுடன் இறங்கி மற்றக் கண்ணை வரைந்தார்.

குதிரை திரும்பி, தண்ணீருக்கு மேலே நடந்து போனது.

இன்னும் கண் வரையாத புதுக் குதிரை, எங்கள் தோளில் இருந்தபடியே, அது போவதைத் தலை திருப்பிப் பார்த்தது.