தொழுதூருக்கு அந்தப் பக்கம்

கைலி அவருடையது.

பச்சைக் கட்டம். ஓரத்தில் பீடி சுட்ட ஓட்டை. போன வாரம் வீடெல்லாம் தேடியபோது, "கிழிஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள் பெண்டாட்டி பவளக்கொடி. போகட்டும் சனியன் என்று விட்டுவிட்டார்.

இப்போது அது லாரியின் பின்பக்கம், மூட்டைகளுக்கு மேலே, ஒரு பார்சலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தபடி சோலைமலை அப்படியே நின்றார்.

தொழுதூர் டீக்கடை. மத்தியான வெயில். வண்டி மாற்றுகிற இடம்.

மதுரையிலிருந்து அவர் பார்சல் லாரியைக் கொண்டுவருவார். மெட்ராஸிலிருந்து டில்லிபாபு இன்னொன்றைக் கொண்டுவருவான். இரண்டும் ஒரே கம்பெனி வண்டி. கயிறு, தார்ப்பாய் பார்த்து, டீ குடித்து, சாவியை மாற்றிக்கொள்வார்கள். அவன் இவர் வண்டியில் வடக்கே திரும்பிப் போவான். இவர் அவன் வண்டியில் தெற்கே. சரக்கு ஊர் போய்ச் சேரும். டிரைவர்கள் ராத்திரி அவரவர் வீட்டில் படுப்பார்கள்.

கயிறு தளர்ந்திருக்கிறதே என்று ஏறினார். ஏறியிருக்க வேண்டாம்.

பார்சலின் ஒரு பக்கம் மரக் கைப்பிடி துருத்திக்கொண்டு நின்றது. அடியில் சின்ன மரச் சக்கரம். விரலால் தள்ளினார். சுற்றியது.

நடைவண்டி.

பார்சல் மேல் எழுதியிருந்த பேரைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் படித்தார். செண்பகவல்லி, அம்பத்தூர்.

மகள்.

தன் இஷ்டத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு போனவள். எனக்கு மகளே கிடையாது என்று அவர் நடுத்தெருவில் நின்று கத்தினார். கத்தியதோடு விட்டாரா? அதுவரை மெட்ராஸ் வரைக்கும் ஓட்டிக்கொண்டிருந்தவர், முதலாளியிடம் கேட்டு இந்தப் பாதி லைனுக்கு மாறிக்கொண்டார். கேட்டவர்களிடம் இடுப்புவலி என்றார். இடுப்புக்கு ஒரு கேடும் இல்லை. அவள் இருக்கிற ஊர் மண்ணை மிதிக்கக் கூடாது என்கிற வீம்பு. அன்றிலிருந்து தொழுதூருக்கு அந்தப் பக்கம் அவர் போனதில்லை.

குழந்தை பிறந்த சேதி வந்தபோது சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை.

நடக்கிற வயசாகிவிட்டதா அதற்குள்?

சக்கரத்தை இன்னொரு தடவை சுற்றிவிட்டார். வருவது கோபம் என்றுதான் முதலில் நினைத்தார். கோபம் இல்லை. பார்க்க வேண்டும் போலிருந்தது.

பவளக்கொடி லேசுப்பட்டவளா? மதுரையில் பார்சல் ஆபீசுக்கா பஞ்சம்? தடுக்கி விழுந்தால் ஒரு பார்சல் ஆபீஸ். அத்தனையையும் விட்டுவிட்டுப் புருஷன் ஓட்டுகிற வண்டியில் கொண்டுபோய் ஏற்றியிருக்கிறாள். அதுவும் புருஷன் கைலியைச் சுற்றி. காலையில் வாசல் வரைக்கும் வந்து, "பள்ளம் மேடு பாத்து மெதுவா ஓட்டுங்க" என்று வேறு சொன்னாள். என்றைக்கும் இல்லாத கரிசனம் என்று அப்போதே நினைத்தார்.

"இன்னாண்ணா, உள்ள பாம்பு கீம்பு பூந்துகிச்சா?"

கீழே டில்லிபாபு. ஒரு கையில் அவருக்கு டீ. மறு கையில் சாவி.

தார்ப்பாயை இழுத்து மூடினார். கயிற்றை இறுக்கி முடிந்தார். இறங்கி வந்து டீயை வாங்கிக் குடித்தார்.

சாவியை வாங்கவில்லை. தன் சாவியையும் எடுக்கவில்லை.

கேட்பது சின்ன விஷயமில்லை. மாற்றாவிட்டால் டில்லிபாபு மதுரைக்குப் போய் குடோனில் கொசுக்கடியில் கிடக்க வேண்டும். வீட்டில் வஞ்சிரம் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று வந்து இறங்கியதிலிருந்து அதே பாட்டாகப் பாடிக்கொண்டிருக்கிறான்.

வாய்வரைக்கும் வந்தது. உள்ளே போனது. இன்றைக்கு விட்டால் சாமான் மட்டும் போய்ச் சேரும். நாளைக்கு வீம்பு மறுபடி தலைதூக்கிவிடும். தன்னைப் பற்றி அவருக்குத் தெரியாதா?

"டில்லி, இன்னைக்கு மாத்த வேணாம்ப்பா. மெட்ராசுக்கு நானே கொண்டுபோறேன்."

அவன் அவரைப் பார்த்தான். மெட்ராஸ் என்று சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன். கண் கலங்கியிருக்கிறது. ஏன் என்று அவன் கேட்கவில்லை. நல்ல பையன்.

"மீனு இன்னாண்ணா மீனு, நாளைக்கும் கடல்லதான் இருக்கும்" என்று சாவியைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டான். "ஆபீசுக்கு நான் போன் போட்டுச் சொல்லிக்கிறேன். தாம்பரத்துல பைபாஸ் ஏறிடு. ரோடெல்லாம் மாறிப்போச்சு."

வண்டியை எடுத்தார். பள்ளம் மேடு பார்த்து, மெதுவாகத்தான் ஓட்டினார். வேப்பூர் தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி, வீட்டுக்கு போன் போட்டார்.

"ராத்திரிக்கு எனக்குச் சோறு ஆக்காத. வண்டி மாத்தலை."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும். பிறகு,

"வெறுங்கையோட போயி நிக்காதீங்க" என்றாள் பவளக்கொடி.

பின்னால் லாரி கொள்ளாத சரக்கு. இவர் வெறுங்கை.

"சரி" என்றார். போனை வைக்கவில்லை.

"புள்ள பேரு என்ன?"

சொன்னாள்.

தெளிவாகத்தான் கேட்டது. இருந்தாலும், லாரி சத்தத்தில் காதில் விழவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.