பரணில் இருந்தவர்

“அந்தக் கை எங்கம்மா மேல படக்கூடாது!”

மகன் போட்ட கூச்சலில் இழவு வீட்டுக் கூடமே அடங்கிப்போனது. மாலையோடு வாசற்படி ஏறிய பக்கத்து வீட்டுத் தையல்காரர், எண்பத்தைந்து வயதுக்காரர், தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தார்.

“எங்கப்பாவைப் பட்டாளத்துக்குக் காட்டிக்கொடுத்த ஆளுக்கு இங்க என்ன வேலை?”

தெருவுக்கே தெரிந்த கதை அது. போர்க்காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆண் என்று சிப்பாய்கள் பிடித்துப் போனார்கள். அவனுடைய அப்பா இரண்டு மாதம் பரணில் ஒளிந்திருந்தார். ஒருநாள் காலை, தையல்காரரிடம் சீருடை வாங்க வந்த சிப்பாய்கள் நேரே இந்த வீட்டுக்குள் நுழைந்து, எங்கும் தேடாமல் பரணுக்கு ஏணி போட்டார்கள். போனவர் திரும்பவில்லை.

“இருபத்தெட்டு வயசுல எங்கம்மா தனியா நின்னாங்க. முப்பது வருஷம் ஆஸ்பத்திரித் துணியைத் துவைச்சு எங்க ரெண்டு பேரையும் ஆளாக்கினாங்க. குண்டு விழுந்தப்ப எங்களைக் கீழ தள்ளி மேல படுத்துக்கிட்டாங்க. அதுல வளைஞ்ச கைதான் அது, பாருங்க எல்லாரும்!”

அம்மாவின் தலைமாட்டில் இருந்த அக்கா நிமிர்ந்தாள். “குண்டு விழுந்தது அப்பா போனதுக்கு அப்புறம்டா. கை அதுக்கு முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு.”

“இப்ப அதுவா முக்கியம்?”

அவன் மாலையைப் பிடுங்கித் தெருவில் வீசினான். “இந்த ஆளு வாயை மூடிட்டு இருந்திருந்தா அம்மா இப்படி மாடா உழைச்சிருக்க வேணாம். அறுபது வருஷமா தெருவே காறித் துப்புது. ஒரு நாளாவது இல்லைன்னு சொன்னாரா? போய்யா வெளியே!”

தையல்காரர் மெல்லக் குனிந்து மாலையை எடுத்து மண்ணைத் தட்டினார்.

அக்கா எழுந்து வாசலுக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவர் பதறினார். “வேணாம் பாப்பா. இத்தனை வருஷம் இருந்துட்டேன், இப்படியே போயிடறேன்.”

“போதும்ண்ணே. அவங்களே போயிட்டாங்க.”

அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தவள், வழிமறித்த தம்பியை நேராகப் பார்த்தாள்.

“அம்மா கையை முறிச்சது அப்பா. சிப்பாய்க்குப் பரணைக் காட்டினது அம்மாடா.”