சாம்பல் நரிக்கு ஒரு பேனர்

"இந்த ஆளுக்கு பேனர் வேற ஒரு கேடா?"

கேட்டது டோன்யா எல்வீரா. அறுபது வயசு. மடியில் காய்கறிப் பை, வாயில் மெக்சிகோவின் புவெப்லா ஊரே காதைப் பொத்திக்கொள்ளும் வசவு. ஞாயிறு மதியம் தவறாமல் மல்யுத்த அரங்குக்கு வந்து முன் வரிசையில் உட்காருவாள். வருவதே சாம்பல் நரி என்ற முகமூடி மல்லரைத் திட்டத்தான்.

பக்கத்து நாற்காலி ருஃபினோவுக்குச் சுருக்கென்றது. சந்தையில் சாவி வெட்டுகிறவன். மூன்று நாள் வேலையைப் போட்டுவிட்டு எட்டடித் துணியில் பெயின்ட் அடித்திருந்தான். 'இருபத்தி நாலு வருஷத்துக்கு நன்றி, நரி ஐயா!'

"ஏம்மா, அவர் கையைப் பிடிச்சு ஒரு முறுக்கு முறுக்கினா எதிராளி அசைய முடியுமா? அந்தப் பிடி வேற யாருக்கு வரும், சொல்லுங்க."

"பிடியாம் பிடி. நடுவர் அந்தப் பக்கம் திரும்பினா கண்ணுல குத்துற பய."

மினிபஸ் ஓட்டும் தீமோ பின்னாலிருந்து தலையை நீட்டினான். "அம்மா சொல்றது சரி. நரியோட மோதுற எங்க தங்க விடியலைப் பாரு. ஒரு நாளாவது தப்பாட்டம் ஆடியிருக்காரா? நல்லவர் கோஷ்டின்னா சும்மாவா?"

"உன் ஆளுக்குக் கயித்து மேலேர்ந்து குதிக்கத் தெரியும், அவ்வளவுதான்" என்றான் ருஃபினோ. " வில்லன் கோஷ்டியில இருந்தா ஆட்டம் தெரியாதுன்னு அர்த்தமா? நரிகிட்ட அடி வாங்கி வாங்கித்தான் உன் தங்கம் பேர் வாங்கினான்."

தீமோ கடலையை மென்றபடி யோசித்தான். "அதுவும் வாஸ்தவம்தான். வயசான மனுஷன், இன்னமும் விழுந்து எந்திரிக்கிறார். போன வாரம் நானே கைதட்டிட்டேன்."

"தட்டுவே. ஏன் தட்ட மாட்டே? அந்தக் கையை ஒடிச்சு அடுப்புல வைக்க" என்றாள் எல்வீரா.

இதற்குக் கூடவா கோபம் வரும் என்று ருஃபினோவுக்கு வியப்பாக இருந்தது.

சாம்பல் நிற முகமூடியோடு நரி உள்ளே வந்தார். ருஃபினோ பேனரை உயர்த்தினான். நாலு வரிசை எழுந்து நின்று கைதட்டியது. வாசலில் கைகட்டி நின்ற அரங்கு முதலாளி அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

எல்வீரா சட்டென்று எழுந்தாள். பேனரைப் பிடுங்கினாள், நாலாக மடித்தாள், நாற்காலியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"திருட்டு நரி! உனக்கு நன்றி ஒரு கேடா? ஒழிஞ்சு போடா!"

தீமோ கையிலிருந்த கடலையையும் பிடுங்கி வீசினாள். நரி கயிற்றருகே வந்து அவளைப் பார்த்து முஷ்டியை ஆட்டினார். அவ்வளவுதான், கைதட்டல் நின்று வசவு கிளம்பியது. ஆட்டம் முடியும்போது நரி தோற்றிருந்தார். முகமூடியின் இடது காது கிழிந்து தொங்க, முழங்கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

ருஃபினோவுக்கு மனசு ஆறவில்லை. ஒரு பெரியவரை இப்படியா அவமானப்படுத்துவது? இன்றைக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று பேனரை எடுத்துக்கொண்டு அரங்கு வாசலிலேயே காத்திருந்தான். அவள் அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். அவள் ஏறிய பஸ்ஸிலேயே அவனும் ஏறினான்.

அவள் பக்கத்தில் ஒரு பருத்த கிழவர், முழங்கையில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுடைய இரண்டு கையும் காய்கறிப் பைக்குள் என்னவோ செய்துகொண்டிருந்தன.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. அந்த மனுஷன் உங்களுக்கு அப்படி என்ன கெடுதல் பண்ணினார்?"

அவள் பதில் சொல்வதற்குள் பஸ் பிரேக் போட்டது. பை கவிழ்ந்தது. வெங்காயங்கள் உருண்டன. கூடவே ஒரு சாம்பல் நிற முகமூடி. இடது காதில் பாதித் தையல், ஊசி இன்னும் நூலோடு தொங்கியது.

ருஃபினோ கிழவரின் முழங்கையைப் பார்த்தான். முகமூடிக்காரனின் முகம் ஊருக்குத் தெரிந்தால் அன்றோடு அவன் பிழைப்பு முடிந்தது. யாரும் பார்ப்பதற்குள் பேனரை விரித்து முகமூடியை மூடினான்.

கிழவர் நல்ல கையால் வெங்காயத்தைப் பொறுக்கினார். "உக்காருங்க தம்பி, நின்னுட்டே வரீங்களே" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். இருபத்தி நாலு வருஷம் உறுமிய குரல் இவ்வளவு மெதுவாக இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை.

எல்வீரா அவன் காதருகே குனிந்தாள்.

"என் வீட்டுக்காரருக்கு இத்தனை வருஷம் சோறு போட்டது கைதட்டு இல்லப்பா, வசவு. வில்லனைப் பாத்து ஜனங்க கைதட்டினா அப்புறம் அவர் எதுக்கு? 'நரிக்குப் பல்லு போச்சு, வீட்டுக்கு அனுப்பிடலாம்'னு முதலாளி சொல்லிட்டு இருக்கார். அடுத்த ஞாயிறு பாத்துட்டு முடிவு பண்ணுவாராம். இவருக்கு வேற தொழில் தெரியாது."

"நான் நல்லதுன்னு நினைச்சு..."

"தெரியும். நல்ல மனசுக்காரங்கதான் இப்படிக் குடியைக் கெடுப்பீங்க."

அடுத்த ஞாயிறு முன் வரிசையில் அதே எட்டடித் துணி உயர்ந்தது. ஒரு முனையை ருஃபினோ பிடித்திருந்தான், மறுமுனையை எல்வீரா. துணியைத் திருப்பிப் பின்பக்கத்தில் புதிதாக எழுதியிருந்தான். 'திருட்டு நரியே, ஒழிந்து போ!'

ருஃபினோ கத்திய கத்தலில் தீமோவும் சேர்ந்தான், அப்புறம் அரங்கமே சேர்ந்தது. நரி பேனரைப் பார்த்து முஷ்டியை ஆட்டினார். ருஃபினோவுக்குக் கண் கலங்கிக் குரல் கம்மியது.

எல்வீரா அவன் விலாவில் இடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா, தம்பி. முதலாளி வாசல்லதான் நிக்கிறார்."